ஒரே வீட்டில் இருந்தால் கைவிடப்பட்டவள் இல்லையா?

கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்காரு?” என்பதுதான். திருப்பூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றால் மனு நகரும். கேரளாவில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்றாலும் நகரும். “வீட்லதான் சார் இருக்காரு” என்று அவள் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அவர் அவளோடு பேசி எட்டு வருடம் ஆகிறது, கையில் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை, முன்னறையில் அவர், பின்கட்டில் அவளும் பிள்ளைகளும் என்பதையெல்லாம் எழுத அந்த மனுவில் இடம் கிடையாது.

போடிநாயக்கனூரிலும் அதைச் சுற்றி மலையடிவாரத்தில் கிடக்கும் சிலமலை, மேலச்சொக்கநாதபுரம், தேவாரம் போன்ற ஊர்களிலும் இந்தப் பதிலைச் சொல்லக்கூடிய பெண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. “அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒரே வீடுதான், தனித்தனி உலை” என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவுக்கே தெரிந்த இந்த நிலை அரசின் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமானவர்களில் முறைப்படி மணமுறிவு பெற்றவர்கள் 0.24%, மணமுறிவு பெறாமலேயே பிரிந்து வாழ்பவர்கள் 0.61%. அதாவது நீதிமன்றம் போனவர்களைப் போல இரண்டரை மடங்கு பேர் போகாமலே பிரிந்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் பிரிந்தவர்கள் இந்த இரண்டு கணக்கிலும் அனேகமாக வரமாட்டார்கள். கணக்கெடுக்க வந்தவருக்கு அது ஒரே வீடு, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

உச்ச நீதிமன்றம் இவர்களைப் பிரிந்தவர்கள் என்று ஏற்றுக்கொள்கிறது. நலத்திட்ட மேசை ஏற்க மறுக்கிறது. அப்படி மறுப்பதற்குச் சட்டத்திலும் ஆதாரம் இல்லை, நியாயத்திலும் ஆதாரம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

திட்டத்தைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. 1962-இல் முதியோர் ஓய்வூதியம், 1975-இல் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம், 1986-இல் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் என்று தமிழ்நாடு படிப்படியாக வந்த வழி பெருமைப்படத் தக்கது. கணவன் செத்துப்போனால்தான் ஒரு பெண் ஆதரவற்றவள் ஆவாள் என்பதில்லை, அவன் உயிரோடு இருக்கும்போதே அப்படி ஆகலாம் என்று 1986-லேயே ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி மணமுறிவோ நீதிமன்றத்தின் பிரிவு ஆணையோ பெற்றிருக்க வேண்டும், அல்லது கணவன் கைவிட்டுக் குறைந்தது 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ஆனது.

நீதிமன்ற ஆணையோடு வருபவர்கள் குறைவு. வக்கீல் செலவு ஒரு பக்கம், வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போவது இன்னொரு பக்கம். இந்தப் பகுதியில் பெரியவர்கள் கூடித் தீர்த்துவிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வழக்கத்தை நிரூபித்தால் அப்படிப்பட்ட மணமுறிவும் செல்லும் என்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு இடம் விட்டிருக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எந்த மேசையும் வாங்கி வைப்பதில்லை. எனவே பெரும்பாலான பெண்களுக்கு மிஞ்சுவது “5 ஆண்டு கைவிடப்பட்டவள்” என்ற வழி ஒன்றுதான். அதற்குச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவர்கள் விசாரிப்பதெல்லாம் ஆள் ஊரில் இருக்கிறாரா, வீட்டுக்கு வருகிறாரா என்பதைத்தான்.

ஏன் வீட்டைவிட்டுப் போவதில்லை?

போக இடம் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும்.

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பிள்ளைகளுக்கு மதியத்துக்கும் சேர்த்துச் சோறாக்கி, தூக்குவாளியில் தனக்கும் போட்டுக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் இடம் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கத்துத் தோட்டங்கள். ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். பிஞ்சை விட்டுவிட்டு, பதமான காயை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ கிடக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. இருட்டும் நேரத்தில் அதே வளைவுகளில் இறங்கி வீடு திரும்புவாள். உடம்பு மலை ஏற ஒத்துழைக்காத வயதில் போடியிலேயே ஏலக்காய் குடோன்களில் தரம் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். பருமனுக்கும் நிறத்துக்கும் தக்கபடி காயைப் பிரித்து வைப்பது இவர்கள் கைதான். பிரித்த காய்தான் ஏல மையத்தில் விலைக்குப் போகிறது.

இந்த வேலைக்குப் போகிற பெண் விடியுமுன் கிளம்பி இருட்டித் திரும்பும் வரை அவள் பிள்ளைகளை யார் பார்ப்பது? மாமியார்தான். கணவனோடு பேச்சு நின்றுபோன பிறகும் மாமியார் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார். அந்த வீட்டைவிட்டு வெளியேறினால் மறுநாள் ஜீப் ஏற முடியாது. இந்த ஒரு காரணமே போதும். இதற்கு மேல் வாடகைக்கு வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். தனியாக ஒரு பெண் என்றால் வீடு கொடுக்க யோசிக்கும் தெருக்கள் உண்டு. பிறந்த வீட்டில் அண்ணன் சேர்த்துக்கொண்டாலும் அண்ணி எத்தனை நாள் பொறுப்பார்? வயதுக்கு வந்த மகள் இருந்தால், “தகப்பன் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்தால்தான் மரியாதை” என்ற கணக்கு வேறு. அவள் அங்கே இருப்பது பிள்ளைகளுக்காகத்தான். அந்த ஆளோடு வாழ்வதற்காக இல்லை.

மலைக்கு மேலே தங்கி வேலை பார்ப்பவர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதைத் தோட்டத்தின் கடமையாக்கியது. அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்து, ஒரே லயத்து வீட்டில் இருந்து, பிறகு உறவு முறிந்துவிட்டால், இரண்டாவது வீடு கேட்டால் கொடுப்பதற்கு அங்கே வீடு இருக்காது. ஒரே அறையில் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு குடித்தனம் நடத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது

இப்படி வாழ்பவர்கள் பிரிந்தவர்களா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்த்துவைத்துவிட்டது. சுரேஷ்தா தேவி எதிர் ஓம் பிரகாஷ் வழக்கில், பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணமுறிவு கேட்கும் தம்பதி ஓராண்டு “தனித்து வாழ்ந்திருக்க வேண்டும்” என்பதற்கு என்ன பொருள் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. எந்த இடத்தில் வசிக்கிறார்கள் என்பதைப் பற்றியது அல்ல அந்த நிபந்தனை. கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் அதன் சாரம் என்றது தீர்ப்பு. சூழ்நிலையின் கட்டாயத்தால் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், வேறுவேறு வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாகவும் வாழலாம் என்று தெளிவாகச் சொன்னது. சூழ்நிலையின் கட்டாயம் என்று நீதிபதிகள் எதைச் சொன்னார்களோ, அது போடியில் விடியற்காலை ஜீப்பும் மாமியாரின் கவனிப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான்.

கைவிடுதல் என்பதற்கும் இதே அளவுகோல்தான். ஓர் இடத்தைவிட்டுப் போவது கைவிடுதல் ஆகாது, திருமண உறவின் கடமைகளிலிருந்து விலகிப் போவதே கைவிடுதல் என்று 2002-இல் சாவித்ரி பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சோறு போடாமல், செலவுக்குக் கொடுக்காமல், முகம் பார்க்காமல் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திருப்பூருக்குப் போனவரைவிட எந்த வகையில் குறைவாகக் கைவிட்டார்?

இன்னும் ஒரு முரண்பாடு இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் தான் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 19-ஆவது பிரிவு, அதே வீட்டில் அவள் இருக்கும் பகுதிக்குள் அவன் நுழையக் கூடாது என்று நீதிபதி உத்தரவிடலாம் என்கிறது. ஒரே கூரைக்குள் இரண்டு வாழ்க்கை நடக்க முடியும், நடக்கத்தான் செய்கிறது என்பதை நாடாளுமன்றம் தெரிந்தே எழுதிய பிரிவு அது. ஆக, ஒரு சட்டம் பெண்ணைப் பார்த்து “நீ வெளியே போக வேண்டாம், இது உன் வீடு” என்கிறது. ஓய்வூதிய மேசை “அங்கேயே இருந்தால் உனக்கு ஒன்றும் கிடையாது” என்கிறது. முதல் உரிமையைப் பயன்படுத்தியதற்காக இரண்டாவது உரிமையை இழக்கும் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

காலக்கெடுவையும் பாருங்கள். பரஸ்பர சம்மத மணமுறிவுக்கு ஓராண்டு பிரிவு போதும். கைவிட்ட காரணத்துக்காக மணமுறிவு கேட்க 2 ஆண்டு போதும். ஒரு திருமணத்தையே ரத்து செய்ய 2 ஆண்டு போதும் என்றால், மாதம் 1,200 ரூபாய்க்கு மட்டும் 5 ஆண்டு எதற்கு? பிள்ளைகள் வளரும் வயதில்தான் அந்தப் பணம் அவளுக்குத் தேவை. 5 ஆண்டு கழித்துக் கொடுத்தால் பள்ளியைவிட்டு நின்ற மகனை யார் திரும்பச் சேர்ப்பது?

அட்டை ஒன்று, ஆள் இரண்டு

ஓய்வூதியம் ஒரு வாசல்தான். இன்று ஏழைப் பெண்ணுக்கு வரும் உதவி எல்லாமே குடும்ப அட்டை என்ற வாசல் வழியாக வருகிறது. 2020 கொரோனா ஊரடங்கில் 1,000 ரூபாய், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், பொங்கல் பரிசுத் தொகுப்பு எல்லாம் அட்டைக்கு ஒன்று. ரேஷன் கடையில் அட்டையில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் விரல் வைக்கலாம். பேச்சில்லாத தம்பதிகளின் வீட்டில் இதனால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். யார் முதலில் போய் விரல் வைத்தார்களோ பணம் அவர்களுக்கு. அவள் மலையில் இருக்கிறாள்; அவர் ஊரில் இருக்கிறார். பணம் ரேஷன் கடையிலிருந்து நேராக டாஸ்மாக் கடைக்குப் போகிறது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த இடத்தில் ஒரு நல்ல திருப்பம். மாதம் 1,000 ரூபாய் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அட்டையில் ஆண் குடும்பத் தலைவராக இருந்தாலும் அவர் மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்ற விதி, ஒரே வீட்டில் பிரிந்து வாழும் பல பெண்களுக்குக் கைகொடுத்திருக்கும். தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். ஆனால் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோல் அவளுடையது அல்ல, குடும்பத்தினுடையது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்புகள் எல்லாம் அந்த அட்டைக்கு உரியவை. விலக்கப்பட்டவர்கள் பட்டியலில் சொந்த உபயோகத்துக்குக் கார், ஜீப், டிராக்டர் வைத்திருக்கும் குடும்பங்களும் இருந்தன.

ஜீப் என்ற சொல்லைப் போடிக்காரர்கள் கவனித்திருப்பார்கள். இந்த ஊரில் ஜீப் என்பது மலைக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் பிழைப்பு. கணவன் பெயரில் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது என்பதற்காக, அவனோடு பேச்சே இல்லாமல், வேறொருவர் ஜீப்பில் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணின் மனு தள்ளப்பட்டால் அது எந்த வறுமையை அளந்தது? மாமியார் பெயரில் அட்டை இருந்தால் சிக்கல் வேறு விதம். அட்டைக்கு ஒரு பெண் என்பதால் தொகை மாமியாருக்குப் போகும். அந்த மூதாட்டியும் வறியவர்தான், அவருக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பின்கட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள் கணக்கில் வரவே இல்லை.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் குடும்பம் என்பதற்கு, சேர்ந்து வசித்துச் சேர்ந்து உண்பவர்கள் அல்லது பொதுவான குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் என்றுதான் விளக்கம் சொன்னது. சேர்ந்து உண்ணாதவர்கள் தனிக் குடும்பம் என்று வாதாட அதில் இடம் இருந்தது. ஆனால் அட்டை பொதுவாக இருப்பதே போதும் என்று அதே வரி அடுத்த நொடியில் அந்தக் கதவைச் சாத்தியது.

பாதி திறந்த கதவு

அப்படியானால் அட்டையைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதானே? தமிழ்நாடு அரசு 2021-இல் ஒரு நல்ல உத்தரவு போட்டது. கணவனைப் பிரிந்து வாழும் பெண், நீதிமன்றத் தீர்ப்பு கையில் இல்லாவிட்டாலும், கள விசாரணையின் பேரில் கணவனின் அட்டையிலிருந்து தன் பெயரை நீக்கித் தனி அட்டை பெறலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன்பு கணவன் ஒத்துழைக்காமல் பெயர் நீக்க முடியாமல் எத்தனையோ பெண்கள் அல்லாடினார்கள். அரிசி விஷயத்தில் பெண்ணின் வார்த்தையையும் கள நிலவரத்தையும் நம்பலாம் என்று அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. அதே நம்பிக்கை ஓய்வூதியத்துக்கு ஏன் நீளக் கூடாது?

ஆனால் இந்தக் கதவும் பாதிதான் திறந்தது. தனி அட்டைக்குத் தனிச் சமையலறை வேண்டும் என்பது உணவு வழங்கல் துறையின் விதி. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு அட்டை வாங்க இந்த விதியில் வழி இருக்கிறது என்பது நல்லதுதான். பின்கட்டில் அடுப்பு வைத்திருப்பவள் அந்த வழியில் போகலாம். நடைமுறையில் என்ன ஆகிறது? பார்க்க வரும் அதிகாரி தனி சிலிண்டர் எங்கே என்று தேடுகிறார். இலவச எரிவாயு இணைப்புக்கு 2016-இல் வந்த உஜ்வலா திட்டம், அதே குடும்பத்தில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் கிடையாது என்கிறது. குடும்பம் எது என்று பார்க்க அட்டையைக் கேட்கிறது. அட்டைக்குச் சிலிண்டர், சிலிண்டருக்கு அட்டை. விறகடுப்பு வைத்து ஊதிக்கொண்டிருப்பவளிடம் இரண்டும் இல்லை.

இதற்கிடையே உரிமைத் தொகை அறிவிப்பு வந்ததும் புதிய அட்டை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. கூட்டுக் குடும்பங்களில் பலர் தனி அட்டை கேட்டார்கள். விளைவாக 2023-இல் புதிய அட்டை வழங்குவது மாதக்கணக்கில் நின்றுபோனது. ஆயிரம் ரூபாய்க்காக அட்டை பிரிக்கப் பார்த்தவர்களையும், பல வருடமாகப் பிரிந்து கிடந்தவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி வைத்தார்கள்.

அதனால் ஏமாற்றுவார்களே என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. சேர்ந்து வாழ்ந்துகொண்டே பிரிந்ததாகச் சொல்லி 1,200 ரூபாய் வாங்க முன்வருபவர்கள் இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மணமான ஒரு பெண், தன் தெருவில், தன் பிள்ளைகளின் காதில் விழும்படி, “என்னை என் புருஷன் கைவிட்டுவிட்டான்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இந்த மண்ணில் எளிதான காரியமா? பேச்சில்லாமல் இருப்பதையே விருந்தாளிகளுக்குத் தெரியாமல் மறைத்து, கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அந்த எழுத்தே பெரிய சாட்சி. பொய்யாக எழுதியவர்களைக் கண்டுபிடித்துப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. உண்மையாக எழுதியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அவர்கள் பட்டினி கிடந்த மாதங்களைத் திரும்பத் தர எந்த வழியும் இல்லை.

எதைப் பார்த்துத் தீர்மானிப்பது?

இந்தக் கேள்வியோடு நம்மைவிட அதிக காலம் மல்லுக்கட்டிய நாடுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் 1975-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், ஒரே வீட்டில் வசித்தாலும், ஒருவர் மற்றவருக்கு வீட்டு வேலை சிலவற்றைச் செய்து கொடுத்தாலும்கூட அவர்கள் பிரிந்தவர்களாக இருக்கலாம் என்று எழுத்தில் வைத்திருக்கிறது. அங்கே நலத்தொகை வழங்கும் துறையும் ஒரே கூரைக்குள் பிரிவு என்பதைத் தனி நிலையாக ஏற்று, அதற்கென்று தனிப் படிவமே வைத்திருக்கிறது. இது நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

எடுத்துக்கொள்ளக் கூடாததும் அங்கேயே இருக்கிறது. தம்பதியா இல்லையா என்பதை எடைபோட ஆஸ்திரேலியாவின் 1991 சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண விவகாரம், வீட்டு நடைமுறை, வெளியுலகத்துக்குக் காட்டும் முகம், உடலுறவு, ஒருவருக்கொருவர் உள்ள பற்று என்று ஐந்து அம்சங்களைப் பட்டியலிடுகிறது. பண விவகாரத்தைக் கேட்கலாம். படுக்கையைப் பற்றி ஒரு வருவாய் ஆய்வாளர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதை நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. அப்படி ஒரு விசாரணை வந்தால் மனு கொடுக்கும் பெண்கள் இன்னும் குறைந்துபோவார்கள்.

பிரிட்டனில் 1972-இல் மவுன்சர் தம்பதி வழக்கில் இன்னொரு தவறு நடந்தது. அவர்கள் தனித்தனி அறையில் படுத்தார்கள். பிள்ளைகளுக்காக ஒரே வீட்டில் இருந்தார்கள். மனைவி சமைத்தார், பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சேர்ந்து சாப்பிட்டதைச் சுட்டி, இவர்கள் பிரிந்து வாழவில்லை என்றது நீதிமன்றம். நம் தனிச் சமையலறை விதிக்கும் இந்தத் தீர்ப்புக்கும் அதிக தூரம் இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண் விடியற்காலையில் ஒரே பானையில்தான் வடிப்பாள். பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் போக மிஞ்சியதை அவரும் போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். அரிசி யார் கூலியில் வந்தது என்று கேட்டால் உண்மை வெளியே வரும். சோற்றை யார் தின்றது என்று கேட்டால் வராது.

ஆகவே பார்க்க வேண்டியது வரவும் செலவும். கணவனின் வருமானத்தில் ஏதாவது அவளுக்கோ பிள்ளைகளுக்கோ வருகிறதா, பள்ளிக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் யார் கட்டுகிறார், மகளிர் குழுக் கடனை யார் அடைக்கிறார், அவள் கூலி எந்தக் கணக்கில் விழுகிறது என்பவற்றைக் கேட்டால் போதும். இவை எல்லாமே படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லாத கேள்விகள். குழுப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் பள்ளி ரசீதும் பெரும்பாலான வீடுகளில் இருக்கின்றன.

மலைக்கு அந்தப் பக்கம் போனால் நிலைமை மேலும் சிக்கலாகிறது. கணவனின் அட்டை இடுக்கி மாவட்டத்தில், அவள் அட்டை தேனியில் என்று பிரிந்த குடும்பங்கள் எல்லையின் இரு புறமும் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்ததால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அரிசி மலை தாண்டும். ஆனால் மாநிலத்தின் ஓய்வூதியமும் உரிமைத் தொகையும் போடிமெட்டுச் சாவடியோடு நின்றுவிடும். தோட்டத்து லயத்தில் தங்கியிருக்கும் பெண் எந்த மாநிலத்தின் கைவிடப்பட்டவள் என்பதை இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதற்கு நாளாகும் என்பது எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் எல்லைக்குள் செய்ய வேண்டியதற்கு நாள் வேண்டியதில்லை. 5 ஆண்டு நிபந்தனை ஓர் அரசாணையில் இருக்கிறது; அரசாணையை மாற்றச் சட்டமன்றம் கூட வேண்டாம். அந்தக் காலக்கெடுவை ஓராண்டாகக் குறைத்து, ஒரே வீட்டில் வசிப்பது மட்டுமே மனுவைத் தள்ளுவதற்குக் காரணமாகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2021 உத்தரவில் அட்டைக்குச் சொன்னதைப் போலப் பெண்ணின் எழுத்துமூல வாக்குமூலத்தை ஆதாரமாக ஏற்க வேண்டும். உரிமைத் தொகையில், பிரிந்ததாகச் சான்று பெற்ற பெண்ணின் வருமானத்தையும் உடைமையையும் மட்டும் தனியே பார்க்க வேண்டும். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் என்று 2022-இல் அரசு அமைத்த நல வாரியம் இதைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைக்க அதற்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கள விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். இன்று விசாரிக்க வருபவர் வேலை நாளில், பகலில் வருகிறார். அந்த நேரத்தில் அவள் பூப்பாறைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் செடித் தூரில் குத்தவைத்திருப்பாள். வீட்டில் இருப்பவர் கணவர்தான். அவர் “எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கோம்” என்று சொல்வார். அலுவலர் அதையே எழுதிக்கொண்டு போவார். விசாரணை வேலை இல்லாத நாளில், முன்கூட்டித் தகவல் சொல்லி, முடிந்தவரை ஒரு பெண் அலுவலரைக் கொண்டு, கணவனும் அவர் வீட்டாரும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஏற்கப்பட்டால் மனு கொடுத்த தேதியிலிருந்து பணம் வர வேண்டும்.